பட்டா யார் பெயரில், மான் யார் பெயரில்?

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி அடுத்த வருஷம் டென்வருக்கு மாற்றலாகிப் போகிறார். போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "அண்ணா, பண்ணைக்காரனுக்குக் காசு கட்டாமல், அரசு நிலத்தில் சாதாரண ஆள் போய்ப் பெரிய மிருகம் வேட்டையாட எந்த நாட்டில் விடுகிறார்கள்? அமெரிக்காவா, கனடாவா, நியூசிலாந்தா, ஆப்பிரிக்காவா? பதினோரு வருஷம் அங்கே இருந்தீர்களே, ஒப்பிட்டுச் சொல்லுங்கள். கொம்பை ஊருக்குக் கொண்டு வரலாமா?" படிக்கட்டில் நின்று சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எந்த நாடு என்று கேட்பதற்கு முன் இரண்டு பட்டாவைப் பாருங்கள். நிலம் யார் பெயரில், விலங்கு யார் பெயரில்? இரண்டும் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும் என்று இல்லை. பிறகு மூன்றாவதாக ஒன்று: துப்பாக்கியோடு தனியாகப் போக விடுவார்களா, கூலிக்கு ஒரு கைடு கட்டாயமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் விலைப் பட்டியல் பார்க்காமலேயே எந்த நாடு யாருக்கு என்று சொல்லிவிடலாம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். நான் வளர்ந்தது கூடலூரில். அப்பா டீ எஸ்டேட்டில் கணக்கெழுதினார். எஸ்டேட் பங்களாவின் முன்னறையில் கடமான் தலைகள் கண்ணாடிக் கண்ணோடு வரிசையாக மாட்டியிருக்கும். சம்பள நாளில் அப்பாவோடு போய் அவற்றின் கீழே நின்றுகொண்டிருப்பேன். நீலகிரியில் வேட்டைக்கென்று 1879-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் வாங்க வேண்டும், தடைக் காலத்தில் சுடக் கூடாது. இன்றைக்கு அமெரிக்காவில் நடப்பதன் சின்ன உருவம் நம் மலையிலேயே இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு துரைமார் கைக்கும் ஜமீன் கைக்கும்தான் எட்டியது, காட்டிலேயே பிறந்தவர்களுக்கு எட்டவில்லை. இங்கே மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பதப்படுத்தும் கூடத்துக்கு மட்டும் அது நடந்த காலம் முழுவதும் 43,000-க்கும் மேற்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் வந்திருக்கின்றன. ஒரே ஊரில் ஒரே கடைக்கு வந்த கணக்கு இது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மிச்சம் இருந்த உரிம வேட்டையையும் 1991 திருத்தம் மூடியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்று இங்கே காடு அரசுடையது, விலங்கும் அரசின் காவலில். வேட்டைக்கு இடமே இல்லை. ஆட்கொல்லி, பயிர் நாசம் என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு கொடுத்தால்தான் உண்டு. கேரளத்தில் 2022-இல் காட்டுப்பன்றி விஷயத்தில் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம், நீங்களும் நானும் சுட முடியாது. குடகுக்காரர்களிடம் லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கி இருக்கிறதே என்பீர்கள். அது ஆயுதச் சட்ட விலக்கு, வேட்டை உரிமை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு நாகரஹொளே காட்டுப் பக்கம் போய் மாட்டியவர்கள் உண்டு.

சரி, அமெரிக்கா.

மத்திய அரசின் கையில் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர் நிலம். அதில் 19 கோடிக்குச் சற்று மேல் தேசியக் காடுகள். இன்னொரு 24 கோடிக்கு மேல் பி.எல்.எம். என்ற நில நிர்வாகத் துறையிடம். இந்த பி.எல்.எம். நிலத்தை நம் ஆளுக்கு விளக்க ஒரே சொல் போதும்: புறம்போக்கு. குடியேறியவர்கள் தண்ணீர் உள்ள நல்ல நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, யாருக்கும் வேண்டாம் என்று நின்றுபோன மேடும் புதரும். இன்று அதுதான் ஏழை வேட்டைக்காரனின் சொத்து. நெவாடாவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் இப்படி மத்திய அரசுடையது. டெக்சாஸிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தனியார் பட்டா. அதனால் டாலஸில் இருக்கும் மச்சான் "இங்கே வேட்டையென்றால் பண்ணைக்குக் கட்டணும்டா" என்று சொன்னால் அது டெக்சாஸ் கதை மட்டும்.

விலங்கின் பட்டா வேறு பெயரில். மான் நிற்கும் நிலம் யாருடையதானாலும் மான் அந்த மாநில மக்களுடையது, மாநில அரசு அறங்காவலர் மாதிரி. பண்ணைக்காரர் கேட்டைப் பூட்டலாம். உள்ளே நிற்கும் எல்க் என்ற பெரிய மான் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் பிரபுக்களின் மானைத் தொட்டால் தண்டனை என்றிருந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தவர்கள் பிடிவாதமாகக் கட்டிய ஏற்பாடு இது. செலவுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். 1937 சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அது மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது.

அவிழ்த்துவிட்டது போல எல்லாரும் போய்ச் சுடுவதில்லை. மாநிலத்தை எண் போட்ட பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இத்தனை டேக், அதாவது அனுமதிச் சீட்டு, என்று நிர்ணயிப்பார்கள். ஒரு டேக், ஒரு விலங்கு. நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல். கிடைக்காத வருஷம் ஒரு புள்ளி சேரும், புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். சில ஆட்டு வகைகளுக்கு இருபது வருஷம் விண்ணப்பித்துக் கிடைக்காமலேயே ரிட்டயர் ஆனவர்களை எனக்குத் தெரியும். கொலராடோவின் சிறப்பு என்னவென்றால் எல்க் அங்கே கொட்டிக் கிடக்கிறது, வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு கிடையாது. சில துப்பாக்கி சீசன்களுக்குக் குலுக்கல் இல்லாமல் கடையிலேயே டேக் வாங்கலாம். ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தால் மாநிலவாசி. மாநிலவாசிக்கு எல்க் டேக் சில பத்து டாலர். வெளியாளுக்கு 700 டாலரைத் தாண்டும். தம்பி, அவசரப்படாமல் அந்த ஆறு மாதம் பொறுங்கள்.

நான் போனது ரௌட் தேசியக் காட்டுக்கு, அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரோடு. 9,000 அடிக்கு மேல். படி ஏறும் மூச்சுகூட எனக்கு இல்லை. இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குல அளவுக்கு ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ துணி போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மான் கண்ணுக்கு அது உறைக்காது, இன்னொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு உறைக்கும். இரண்டு நாள் பார்த்ததெல்லாம் மற்ற ஆரஞ்சுச் சட்டைகளைத்தான். அரசு நிலம் என்றால் கூட்டமும் சேர்த்துத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பென் தோப்பின் ஓரத்தில் ஒரு கிடா எல்க் வந்து நின்றது. அந்தப் பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளை இருந்தால் சந்தேகமில்லாமல் சுடலாம். தொலைநோக்கியில் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது இருக்கிறதா என்று பார்க்கவிடாமல் ஒரு வெள்ளை மரம் குறுக்கே நிற்கிறது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் சுட அனுமதி, அதில் பதினொரு நிமிஷம் பாக்கி. கூட வந்தவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மானைப் பார்க்கவே இல்லை. அது காதை அசைத்துத் தலையைத் திருப்பியது. நான்கு இருந்தது.

வெடித்த பிறகுதான் வேலை. டேக்கில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். சப்பை ஒன்றில் அது ஆண் என்பதற்கான அடையாளம் அறுக்காமல் ஒட்டியிருக்க வேண்டும், வழியில் அதிகாரி கேட்டால் காட்ட. கறியை வீணடித்துக் கொம்பை மட்டும் தூக்கி வந்தால் குற்றம். முதுகுக்கு முப்பது கிலோ வீதம் நான்கு நடை, மறுநாள் மத்தியானம் வரை. அந்தக் கறியை ஒரு கிலோகூட விற்க முடியாது. அமெரிக்கா முழுக்கவே வேட்டைக் கறி வியாபாரத்துக்குத் தடை, 19-ஆம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டுத்தான் காட்டெருமையை ஒழித்தார்கள். கொடுக்கலாம். டென்வர் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு எல்க் சுக்கா போனது. மிளகு தூக்கலாகப் போட்டு, ஆட்டுக்கறியைவிட அரை மணி நேரம் கூடுதலாக வேக வைக்க வேண்டும். கொழுப்பே இல்லாத கறி.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும் முடிச்சுகள் உண்டு. பெரிய முடிச்சு வழிப் பிரச்சனை. அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகளுக்கு ஒரு மைல் சதுரம் விட்டு ஒரு மைல் சதுரம் என்று சதுரங்கப் பலகை போல நிலம் கொடுத்தார்கள். கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் அரசு. வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக்கு மூலையில் கால் வைத்துத் தாண்டினால் அது அத்துமீறலா? வயோமிங்கில் 2021-இல் நான்கு வேட்டைக்காரர்கள் மூலையில் ஏணி போட்டுத் தாண்டினார்கள். தனியார் மண்ணை மிதிக்கவே இல்லை. பண்ணை முதலாளியோ ஆகாயத்துக்கும் தனக்குப் பட்டா உண்டு என்று வழக்குப் போட்டார். தனியாக நடந்த குற்ற வழக்கில் 2022-இல் ஜூரி வேட்டைக்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பொது நிலத்தை வேலி போட்டு மறிக்கக் கூடாது என்ற 1885 சட்டத்தைக் காட்டி, வேட்டைக்காரர்கள் பக்கமே நின்றது. வண்டிப்பாதைக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

இன்னொன்று வேடிக்கை. அதே வயோமிங்கில், வனாந்தரம் என்று அறிவித்த மத்திய அரசு நிலத்துக்குள் வெளிமாநிலத்துக்காரர் நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். பெரிய விலங்கு வேட்டை என்றால் மட்டும் கைடோ உள்ளூர்த் துணையோ வேண்டும். பாதுகாப்புக்கு என்கிறார்கள். கைடு சங்கத்துக்கு என்று நான் சொல்வேன். அலாஸ்காவில் வெளிநாட்டவருக்கு எல்லாப் பெரிய விலங்குக்கும் கைடு கட்டாயம், கணக்கு பல்லாயிரம் டாலருக்குப் போய்விடும்.

உங்களுக்கு முக்கியமான ஒன்று. ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்கு விலக்கு தருவது ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ஆகவே முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு லைசென்ஸ், அதன் பிறகுதான் நண்பரின் துப்பாக்கியைத் தொடுவது. வரிசை மாறினால் விசாவே போகும்.

கனடா பார்வைக்கு இன்னும் பெரிது. நாட்டில் ஏறக்குறைய 89 சதவீதம் அரசு நிலம், பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணத்துக்கு மட்டும் 94 சதவீதம். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வாங்கி அங்கேயே இருப்பவருக்குச் சொர்க்கம். பிரிட்டிஷ் கொலம்பியா மாதிரியான இடங்களில் வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் கைடு இல்லாமல் பெரிய விலங்கு இல்லை. அந்தக் கைடுகளுக்கோ காடு பிரித்துத் தனித்தனிப் பகுதியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நிலம் பொது, வாசலில் மட்டும் டிக்கெட் கிழிக்க ஒருவர்.

பெங்களூரிலிருந்தே போகிறவர் கேட்டால் நான் காட்டும் திசை நியூசிலாந்து. அங்கே கதையே தலைகீழ். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அந்தத் தீவுகளில் இயற்கையாக இல்லை. மான், பன்றி, மலையாடு எல்லாம் வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. செம்மான் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆஸ்திரியப் பேரரசர் பரிசாக ஷாமோய் என்ற மலையாடு 1907-இல் வந்தது. நம் இமயமலையின் தார் ஆடு 1904-இல் குக் மலையடிவாரத்தில் இறக்கிவிடப்பட்டது. தின்ன எதிரி இல்லை, பெருகின. மிதிபட்டும் கடிபட்டும் பழகாத செடிகொடிகளை மொட்டையடித்தன. அதனால் சட்டத்தின் கண்ணில் அவை கட்டுப்படுத்த வேண்டிய தொல்லைகள்.

இதன் பலன் வேட்டைக்காரனுக்கு. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலம் டாக் என்று எல்லாரும் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம். அதில் பெரும்பகுதிக்கு இணையத்தில் இலவச அனுமதிச் சீட்டு கிடைக்கும். டேக் கிடையாது, குலுக்கல் கிடையாது, பெரும்பாலும் சீசனும் எண்ணிக்கை வரம்பும் கிடையாது. வெளிநாட்டவரும் எடுக்கலாம், கைடு கட்டாயமில்லை. வருகையாளருக்கான துப்பாக்கி உரிமத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும். அது இல்லாதவர், உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளும்போது அவருடைய துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். மார்ச் கடைசி, ஏப்ரலில் செம்மான் கிடாக்கள் கனைக்கும் பருவம் மாதிரி நேரங்களில் மட்டும் சில நல்ல இடங்களுக்குக் குலுக்கல் வைக்கிறார்கள்.

தார் கதைதான் சுவை. 1993 திட்டப்படி நாடு முழுவதற்கும் 10,000 தாருக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்தால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அரசு ஹெலிகாப்டரிலிருந்து சுட ஆரம்பித்தது. 2020-இல் வேட்டைக்காரர்களே நீதிமன்றம் போனார்கள், ஆட்டைக் காப்பாற்ற! இதே ஆடு இமாச்சலில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை. நம் வரையாட்டையும் ஆங்கிலத்தில் தார் என்கிறார்கள். பெயர் ஒன்றே தவிர உறவு தூரம், மரபணு பார்த்தவர்கள் வரையாட்டைச் செம்மறிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். முக்குறுத்தியில் மூடுபனி விலகும்வரை காத்திருந்து நான் பார்த்தது மொத்தம் ஆறு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,303. அங்கே பத்தாயிரமே அதிகபட்சம் என்று சண்டை.

ஆஸ்திரேலியாவிலும் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். தென்மாவட்டத்தில் மிளா என்போமே, அந்தக் கடமான் 1860-களில் விக்டோரியாவுக்குப் போனது. இன்று அந்த மாநிலத்தின் கிழக்கு மலைக்காடுகள் முழுக்க அதுதான். அரசுக் காட்டில் லைசென்ஸோடு நடந்து தேடுபவருக்கு வருஷம் முழுக்க அனுமதி, எண்ணிக்கை வரம்பும் இல்லை. மிளாவைத் தேடிப் போனவனுக்குத் தெரியும், அது பெரும்பாலும் சத்தமாகவே முடியும்: புதருக்குள்ளிருந்து ஒரு எச்சரிக்கைக் கத்தல், பிறகு ஒன்றுமில்லை. நியூ சவுத் வேல்ஸில் ஒவ்வொரு மாநிலக் காட்டுக்கும் தேதி போட்டு முன்பதிவு செய்ய வேண்டும், பஸ் டிக்கெட் மாதிரி. குயின்ஸ்லாந்தில் புள்ளிமான் நிறைய உண்டு, ஆனால் பொது நிலத்தில் வேட்டை இல்லை.

ஐரோப்பாவை நீளமாக எழுத மாட்டேன், உங்கள் கேள்விக்கு அங்கே பதில் கொஞ்சம்தான். ஜெர்மனியில் விலங்குக்கு உரிமையாளர் கிடையாது, ஆனால் வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது. சிறு நிலக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து குத்தகைக்கு விடுவார்கள். வேட்டை உரிமத்துக்கான தேர்வோ கடினமானது. கறியை விற்கலாம், கசாப்புக் கடையிலேயே கிடைக்கும். பின்லாந்தின் வடக்கே மட்டும் ஓர் அழகான விதி: தன் ஊராட்சிக்குள் இருக்கும் அரசு நிலத்தில் உள்ளூர்வாசிக்கு வேட்டை உரிமை இலவசம். உள்ளூர்வாசிக்கு மட்டும்.

ஆப்பிரிக்காவில் பொது நிலம் என்ற சொல்லே ஏமாற்றும். தான்சானியாவில் வேட்டைக் காடுகள் அரசுடையவைதான், ஆனால் வட்டாரம் வட்டாரமாகக் கம்பெனிகளுக்குக் குத்தகை. தொழில்முறை வேட்டைக்காரர் கூட வராமல் வெளிநாட்டவர் உள்ளே கால் வைக்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் 1991 சட்டப்படி சரியான வேலி போட்ட பண்ணையாருக்கு உள்ளே இருக்கும் விலங்கே சொந்தம். அது அமெரிக்காவுக்கு நேர் எதிர். கென்யா 1977-இல் மூடிவிட்டது. போட்ஸ்வானா 2014-இல் மூடி 2019-இல் திறந்தது. பக்கத்துப் பாகிஸ்தானில் மார்க்கோர் ஆட்டை வேட்டையாடும் அனுமதிக்கு ஏலம், ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், அதில் 80 சதவீதம் அந்த மலைக்கிராமங்களுக்கு. அந்தப் பணத்துக்காகவே ஊரார் திருட்டு வேட்டையைத் தடுக்கிறார்கள், ஆடும் பெருகியிருக்கிறது. எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை, ஆனால் பலித்திருக்கிறது என்பதை மறுக்கவும் முடியவில்லை.

ஆக உங்களுக்கு: டென்வரில் ஆறு மாதம் கழித்துப் பயிற்சி வகுப்பு, அடுத்த அக்டோபரில் கடையில் கிடைக்கும் எல்க் டேக். அதற்கு முந்தைய கோடை முழுக்க மலை ஏறிப் பழகுங்கள், துப்பாக்கியைவிட நுரையீரல்தான் முக்கியம். உங்கள் அண்ணன் இங்கிருந்தே போக ஆசைப்பட்டால் நியூசிலாந்து, ஏப்ரல். கனடாவை நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை மறந்துவிடுங்கள்.

கொம்பைக் கொண்டுவரும் ஆசையை மட்டும் விடுங்கள். தார் தலையை இங்கே இறக்கினால் முதல் அட்டவணை விலங்கு, சுங்கத்திலேயே வழக்கு. எல்க்குக்காகவும் விமான நிலையத்தில் நின்று வாதாடிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. என் எல்க் கொம்பு ஃபோர்ட் காலின்ஸில் அந்தப் பெரியவர் வீட்டு கராஜில் இருக்கிறது. நான்கு கிளைப் பக்கத்தில் தொப்பிகளையும் மறுபக்கத்தில் தோட்டத்துக் குழாயையும் மாட்டி வைத்திருக்கிறார். முகவரி தருகிறேன், போய்ப் பார்த்து வாருங்கள்.